ஆறிய பின் தயிர்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்குத் தயிரைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. வீட்டில் அது தயிர், கடைத்தெருவில் 'பெருகு'. தமிழில் பெருகு என்றால் மிகுதியாகு என்பது பொருள். அப்பொருளும் தயிருக்குப் பொருந்துவதே. இளஞ்சூடான பாலில் சிறிது உறைமோர் இட்டால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் சில மணி நேரத்தில் கோடிக்கணக்கில் பெருகிப் பாலைத் தயிராக்குகின்றன.

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகளையே 'புரோபயாடிக்' என்பர். 'உயிருள்ள' என்பதே இங்கு முதன்மையான சொல். தயிரின் நுண்ணுயிரிகள் ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் செழித்து வளரும். 60 பாகையைக் கடந்தால் பெரும்பாலானவை மடியும். ஆதலால், ஆவி பறக்கும் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைவது அவற்றை நாமே அழிப்பதாகும்.

அவ்வாறாயின் ஆவியில் வேகும் இட்டலியும், சூடாக்கும் மோர்க்குழம்பும் பயனற்றவையா? அல்ல. இட்டலி மாவின் நுண்ணுயிரிகள் வேகும்போது மடிந்தாலும், மாவைப் புளிக்கவைத்து எளிதில் செரிக்கும்படி முன்பே பக்குவப்படுத்திவிடுகின்றன. மோர்க்குழம்பிலும் தயிரின் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் எஞ்சுகின்றன. எனினும், உயிருள்ள நுண்ணுயிரிகளைப் பெற இவை மட்டும் போதா.

நம் முன்னோர் இதற்கும் வழி வைத்திருந்தனர். சோற்றை முதலில் சமைத்து, ஆறவைத்து, நீரூற்றி, இரவு முழுதும் புளிக்கவிட்டனர். அதுவே பழைய சோறு. நம் தெலுங்கு அண்டைவீட்டார் அதனைச் 'சத்தன்னம்' என்பர். சமைத்தல் முன், புளித்தல் பின் என்னும் வரிசையே அதன் சிறப்பு. பள்ளிக்குக் கட்டித்தரும் தயிர்சாதத்திலும் அவ்வரிசை உண்டு. குழைந்த சோறு ஆறியதும், காய்ச்சி ஆறிய பாலும் ஒரு கரண்டித் தயிரும் கலந்தால், நண்பகலுக்குள் அது டப்பாவிலேயே இதமாகப் புளித்துவிடும்.

இன்று காலை அவசரத்தில் நாம் இழப்பது அந்தப் பத்து நிமிடப் பொறுமையைத்தான். "சோறு ஆறட்டும்" என்று பாட்டி சொன்னால், அதனைப் பழங்கதை என்று தள்ளுதல் தகாது. மாணவர்களே, சமைக்க வேண்டியதை நன்கு சமைப்போம். தயிரையோ ஆறிய பின் சேர்ப்போம். நாள்தோறும் ஒரு வேளையேனும் தயிரையோ மோரையோ சூடாக்காமல் உண்பதே நன்று.

சிந்தித்து எழுதுக:
1. இட்டலிக்கும் பழைய சோற்றுக்கும் செய்முறை வரிசையில் உள்ள வேறுபாடு யாது?
2. உம் வீட்டில் தயிர்சாதம் செய்யும் முறையைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.