லத்தி விடை கூறாது

2020 மே 25 அன்று மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைக் காவலர் ஒருவரின் முழங்கால் நசுக்கிக் கொன்றது. நம் இல்லங்களிலும் கண்கள் கலங்கின. நல்லது. ஆனால், அக்கண்கள் நம் வாயிற்படியில் நடப்பதை ஏன் காண மறுக்கின்றன?

1967இல் டெட்ராய்ட் முதலிய அமெரிக்க நகரங்கள் எரிந்தன. காரணம் அறிய அமைந்த கெர்னர் ஆணையம், 1968இல் வெள்ளை இனவெறி, வறுமை, வேலையின்மை, காவலரின் கெடுபிடி ஆகியவற்றையே சுட்டியது.

ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நோயுற்ற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்காகத் தோழியர் நெடுஞ்சாலையை மறித்தனர். கேட்டது நல்ல சோறு, கிடைத்தது கைது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அக்டோபரில் அவர்தம் பந்தல் பிரிக்கப்பட்டது; இரவில் வீடு தேடிச் சென்று சிலரைப் பிடித்தனர். 2025 ஜனவரியிலோ அதே சங்கம் முறைப்படி பதிவாயிற்று! சட்டம் ஏற்ற உரிமைக்கு எதிரே காவலர் நின்றது எதற்காக?

"முதலீடு ஓடிவிடுமே" என்பர். உழைப்பவன் வாயை அடைத்துத்தான் முதலீட்டைக் காக்க முடியுமெனில், அஃது எவர்க்கான வளம்?

நிறத்துக்காகக் கொல்லும் கொடுமையும் இதுவும் ஒன்றெனக் கூறவில்லை. ஆயினும் பிழையின் வேர் ஒன்றே: அரசும் முதலாளியும் விடை கூற வேண்டிய கேள்விக்கு லத்தியை அனுப்புவது. அமெரிக்காவுக்காகக் கலங்கிய நெஞ்சம் ஓரகடத்துக்காகவும் பேசட்டும்; அப்போதுதான் அந்தக் கண்ணீர் மெய்.