ஆற்று மணலுக்கும் கணக்கு உண்டு!

குட்டீஸ்! உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டுகிறார்களா? வாசலில் குவித்திருக்கும் மணலில் ஏறி விளையாடியிருப்பீர்களே! அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தது உண்டா?

வீடு, பள்ளிக்கூடம், பாலம், சாலை எதைக் கட்டினாலும் மணலும் ஜல்லியும் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளைக்கல்லும் பயன்படுத்தப்படுவதாக, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022ல் கூறியது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் பயன்படுத்தும் இயற்கை வளம் இதுதான்!

'பாலைவனத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறதே!' என்கிறீர்களா? அது காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்ட மணல். சிமென்ட்டோடு நன்றாகப் பிடிக்காது. அதனால்தான் சொரசொரப்பான ஆற்று மணலைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால், ஆற்றில் மணல் சும்மா கிடக்கவில்லை. மழைநீரைத் தனக்குள் பிடித்து வைத்து, கரையோரக் கிணறுகளுக்குத் தருகிறது. பாலத்தின் தூண்களையும் தாங்குகிறது. அளவுக்கு மீறி அள்ளினால் கிணறு வற்றும்; தூண் ஆட்டம் காணும். 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, 1928ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. அதிகமாக மணல் எடுத்ததும் ஒரு காரணம் என்று பலர் சுட்டிக்காட்டினர்.

அப்படியானால், ஆற்று மணலே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பாறையை உடைத்து அரைத்து 'எம்-சாண்ட்' தயாரிக்கிறார்கள். இதற்காகத் தமிழக அரசு 2023ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல வழிதான். ஆனால், அதற்குக் குன்றுகளை உடைக்க வேண்டுமே! பக்கத்து ஊர்களுக்குத் தூசியும் வெடிச் சத்தமும் வருமே!

எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, எவ்வளவு எடுக்கலாம் என்று முன்பே முடிவு செய்வதுதான் முக்கியம். இதற்காகவே ஒவ்வொரு மாவட்டமும் 'மாவட்ட ஆய்வு அறிக்கை' தயாரிக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் ஆற்றில் எடுக்கக்கூடாது, பாலத்துக்கு அருகில் எடுக்கக்கூடாது என்றும் மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

உங்கள் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் பத்து ரூபாய் போட்டு, இருபது ரூபாய் எடுத்தால் என்ன ஆகும்? சீக்கிரமே காலி! ஆறும் அப்படித்தான். ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் மணலைக் கொண்டுவந்து போடும். ஆனால், பெரிய அணைகள் அந்த மணலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் வரவு குறைகிறது. வரவு எவ்வளவு என்று தெரியாமல் செலவை எப்படி முடிவு செய்வது?

இதைத்தான் உச்ச நீதிமன்றமும் கேட்டது. ஜம்மு காஷ்மீர் வழக்கு ஒன்றில் 2025 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னபோது, ஆற்றில் மணல் மீண்டும் எவ்வளவு சேர்கிறது என்ற கணக்கு இல்லாத மாவட்ட அறிக்கையை வைத்து அனுமதி தரக்கூடாது என்றது.

கணக்கைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது. அதன்படி நடக்கிறார்களா என்று பார்க்கவும் வேண்டும். இந்த அறிக்கை மாவட்ட இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். உங்கள் ஊர் ஆற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? ஆசிரியரோடு சேர்ந்து தேடிப் படித்துப் பாருங்களேன்!