படத்தில் இருப்பவர் யார்?



நமது இதழுக்குச் செய்தி அனுப்பும் கிளை நிர்வாகிகள், செய்தி இரண்டு வரி என்றாலும் படங்களைப் பத்து அனுப்பி விடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் செய்தியைப் படிக்காதவனும் படத்தைப் பார்த்தே ஒரு முடிவுக்கு வந்து விடுகிறான். எனவே இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் நாளில் இலங்கையில் குண்டுகள் வெடித்தன. நான்கு நாள் கழித்துத் தேடப்படுவோர் படங்களை வெளியிட்ட அந்நாட்டுக் காவல்துறை, அமாரா மஜீத் என்ற அமெரிக்க மாணவியின் படத்தை வேறொரு பெண்ணின் பெயரில் போட்டது. பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் அப்பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள்! முக்காடு போட்ட முகம்தானே, யாராக இருந்தால் என்ன என்ற அலட்சியம்!

இதைக் கண்டிக்கும் நமக்கும் அதே தராசு வேண்டாமா? 2012இல் பர்மாவில் ரோஹிங்யா முஸ்லிம்கள் கொல்லப்பட்டது உண்மை. அதற்குச் சான்றென்று இணையத்தில் சுற்றிய படங்களில் ஒன்றில், பிணக்குவியல் நடுவே புத்த பிக்குகள் நின்றார்கள். அது 2010இல் திபெத்தியர் வாழும் யூஷு பகுதி நிலநடுக்கத்தில் எடுத்த படம்! இறந்தவர்களுக்குச் சடங்கு செய்ய வந்த பிக்குகளைக் கொலைகாரர்களாக்கி விட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மும்பை ஆசாத் மைதானக் கண்டனக் கூட்டம் கலவரமாகி இருவர் இறந்தனர். அடுத்த சில நாட்களில், வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். இந்தப் பொய்ப் படத்தால் ரோஹிங்யாவுக்கு என்ன கிடைத்தது? உண்மையான பிணங்களையும் பொய் என்று தள்ளிவிட எதிரிக்கு ஒரு சாக்கு! வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம் படத்துக்கும் சேர்த்துத்தான்.

சரி, படம் உண்மையென்றால் போட்டு விடலாமா?

2002 மார்ச் 1, அஹமதாபாத். கண்ணீரோடு கைகூப்பி நின்ற தையல் தொழிலாளி குத்புதீன் அன்சாரியை ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா படமெடுத்தார். உலகம் முழுக்க அச்சானது. குஜராத்தில் நடந்ததை மறைக்க முடியாமல் செய்ததில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர்? போன இடமெல்லாம் அடையாளம் கண்டுகொண்டார்கள். வேலை போனது. மாலேகான் போனார், கல்கத்தா போனார், பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார். அவரைக் கேட்காமலே கட்சிகள் சுவரொட்டியில் ஒட்டின. 2016 அஸ்ஸாம் தேர்தலில் காங்கிரஸ் விளம்பரம்வரை அது வந்தது. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. தகப்பன் உயிர்ப்பிச்சை கேட்கும் முகத்தை அவர்கள் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

செய்தி அன்றையது என்றால் அன்று அந்தப் படம் வேண்டும். பதினைந்து வருடம் கழித்து நன்கொடைத் துண்டறிக்கையில் எதற்கு? சிதைந்த உடல்களின் படங்களைக் கலவரச் செய்திகளில் தவிர்க்கும்படி இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் நெறிமுறை வகுத்திருக்கிறது. அழுகையும் ரத்தமும் இல்லாமல் சமுதாயத்தின் செய்தியே இல்லையா என்ன?

நம் ஆரணியையே பாருங்கள். பட்டுச் செய்தி என்றால் பெரும்பாலும் நகை பூட்டிய மணப்பெண் படம்தான். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து அந்தச் சேலையை நெய்தவர் எங்கே? ஆரணித் தம்பிகள் அடுத்த முறை ஜரிகை விலை, கூலி பற்றி எழுதும்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டுப் படமெடுத்து அனுப்புங்கள். எடுத்த தேதி, இடம், எடுத்தவர் பெயர் கூடவே வர வேண்டும். இவை இல்லாத படம், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், இந்த இதழில் வராது.