சிட்டா இல்லாதவருக்கும் கடன்

விழுப்புரம் மாவட்டத்து ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்க வெளியில் பணம் புரட்டினால் "அஞ்சு வட்டி" என்பார்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. 1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழகத்தின் முதல் கடன் சங்கம் தொடங்குவதற்கு முன்பே, ஜெர்மனியின் ரைஃபைசன் முறையைப் பார்த்து வந்து பரிந்துரைத்தவர் ஆங்கிலேய அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன். அந்த முறையில் ஆளின் நாணயமே ஈடு. இப்போதோ நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், பயிரைக் காட்டும் அடங்கலும் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவரிடம் இரண்டும் இருக்காது. நிலத்துக்காரர் எழுதியும் தரமாட்டார். (கடனைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளும் சமர்த்தர்களும் உண்டு.) நாலைந்து குத்தகைக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவுக்கு விதியில் இடமிருக்கிறது. சங்கங்கள் அதைத்தான் முதலில் தூசு தட்டி எடுக்க வேண்டும், அடுத்த விதைப்புக்குள்.