உறங்குபவரின் சாட்சியம் செல்லாது என்றவர் யார்?

“தெளிகனவு என்பதே ஒரு முரண்தொடர். உறங்குகிறவர் அறியமாட்டார், அறிகிறவர் உறங்கவில்லை. ஆகவே இதில் ஆராய ஒன்றுமில்லை.” சென்ற மாதம் தில்லியில் ஒரு கருத்தரங்கில் இந்தத் தீர்ப்பைக் கேட்டேன். வழங்கியவர் மூத்த பேராசிரியர். தீர்ப்புக்கு உள்ளானவர், கனவுக் கூற்றுகளின் மொழியமைப்பை முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பிய ஒரு மாணவி. அரங்கம் சிரித்தது. அவர் இப்போது வேறு தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு அறிவுலகில் இன்று எந்த அடிப்படையும் இல்லை என்பதையே இந்த நீண்ட பதிவில் சொல்லப்போகிறேன்.

முதலில் சொல். கனவு நிகழும்போதே அது கனவு என்று அறிந்திருக்கும் நிலைதான் இங்கே பேசப்படுவது. டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடெரிக் வான் ஈடன் 1913இல் எழுதிய கட்டுரை வழியாக ‘லூசிட் டிரீம்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைத்தது. கனவைத் தன் விருப்பப்படி திருப்புவது இதன் இலக்கணம் அன்று. பறக்க முடியாமல், துரத்துபவரை நிறுத்த முடியாமல், ‘இது கனவு’ என்று மட்டும் தெரிந்து நின்றாலும் அது தெளிகனவே. தமிழில் ‘தெளிகனவு’ என்று வினைத்தொகையாகச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் என்ற முக்காலமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. தெளிவு பாதியில் வருவதும் கலைவதுமாக இருக்கும் அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொகையை நான் அறியேன்.

பேராசிரியர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கும் அன்று. விட்கென்ஸ்டைனின் மாணவரான நார்மன் மால்கம் 1959இல் ‘கனவு காணல்’ என்ற பொருளில் வெளியிட்ட சிறு நூலின் வாதம் அது. ‘நான் உறங்குகிறேன்’ என்று ஒருவர் மெய்யாகவே உறுதிப்படுத்திக் கூற முடியாது. கூறினால் அவர் உறங்கவில்லை. எனவே உறக்கத்தில் தீர்மானம் செய்தல், ஐயுறல், அறிதல் ஆகியவற்றைப் பற்றிய பேச்சே பொருளற்றது என்றார் மால்கம். அறிவுக்கூர்மை மிக்க வாதம்தான். அதை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் அதைச் சரியாக வாசிக்கவில்லை.

ஆனால் அதன் நுட்பம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ‘நான் இப்போது பேசவில்லை’ என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்பவர் பொய்யராவார். அதையே ஒரு தாளில் எழுதி நீட்டுபவர் உண்மையே உரைக்கிறார். வாக்கியம் ஒன்றுதான், தன்னைத் தானே முறிப்பது அதன் பொருள் அன்று, அது வெளிவரும் வழி. கூற்றின் உள்ளடக்கத்தையும் கூறும் செயலையும் பிரித்துப் பார்ப்பது பயனறி இயலின் முதல் பாடம். உறங்கும் உடலிலிருந்து கூற்று வெளிவர வழியே இல்லை என்று 1959இல் எல்லோரும் நம்பினார்கள். மால்கமும் நம்பினார். அந்த நம்பிக்கை தருக்கத்தின் விதியாக வேடம் பூண்டது.

அப்படி ஒரு வழி இருந்தது என்பது 1975இல் தெரியவந்தது. ரெம் எனப்படும் விரைவிழியசைவு உறக்கத்தில் கைகால் தசைகள் தளர்ந்து செயலற்றுவிடும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கு இந்தத் தடை இல்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைப் பயன்படுத்தினார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், தாம் கனவில் இருப்பதை உணர்ந்தவுடன் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாகத் திருப்பினார். மூளை மின்னலைகளும் தசைப் பதிவும் ரெம் உறக்கம் என்றே காட்டிக்கொண்டிருந்த தாளில், கண்ணசைவுப் பதிவு மட்டும் ஒழுங்கான அலையாக ஏறி இறங்கியது. ஹெர்னின் வேலையை அறியாமலே ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் அவருடைய குழுவினரும் இதே முறையைக் கண்டடைந்து 1981இல் வெளியிட்டார்கள். தாளில் எழுதி நீட்டுவது போன்ற ஒரு வழி உறங்குபவருக்கும் கிடைத்துவிட்டது.

இதற்கு மால்கம் வழி நிற்பவர்கள் தரும் விடை தெரிந்ததுதான்: ‘கண்ணால் குறி காட்டுபவர் முழு உறக்கத்தில் இல்லை.’ எதைக் கொண்டு சொல்கிறீர்கள்? மின்னலைப் பதிவு உறக்கம் என்கிறது, தசைப் பதிவு உறக்கம் என்கிறது, அருகில் இருப்பவர் உறக்கம் என்கிறார். இத்தனைக்குப் பிறகும் ‘குறி காட்டினார், ஆகவே உறங்கவில்லை’ என்றால் அது கண்டறிந்த முடிவு அன்று. ‘உறக்கம்’ என்ற சொல்லுக்குத் தாங்களே போட்ட வேலி. கனவுக்கும் கண்ணசைவுக்கும் உள்ள தொடர்பை டிமென்ட்டும் கிளைட்மனும் முன்வைத்தபோதே, அது புதிய கருத்தாக்கம், நாம் வழங்கும் ‘கனவு’ அது அன்று என்று மால்கம் ஒதுக்கினார். ஒரு சொல்லின் பொருள் அதன் அன்றாட அளவுகோல்களுக்குள் முடிந்துவிடுவதில்லை, அறிவியல் அதை வளர்க்க முடியும் என்று 1962இல் ஹிலரி புட்னம் எழுதிய மறுப்பும் நம் நூலகங்களில் இருக்கிறது. மால்கமைப் பாடமாக வைப்பவர்கள் புட்னமை ஏன் வைப்பதில்லை?

இன்னொரு மறுப்பு சற்று வலுவானது: அது கனவு அன்று, உறக்கத்தில் தோன்றும் வெறும் கற்பனை. 2018இல் லபெர்ஜ், பெஞ்சமின் பேர்டு, பிலிப் ஜிம்பார்டோ மூவரும் இதைச் சோதித்தார்கள். நகரும் ஒரு பொருளை விழித்திருந்து பின்தொடரும்போது கண் வழுக்கிக்கொண்டு சீராகச் செல்கிறது. கண்ணை மூடிக் கற்பனையில் பின்தொடர்ந்தால் தாவித் தாவிச் செல்கிறது. தெளிகனவில் பின்தொடர்ந்தபோது அது சீராகவே சென்றது. இந்த அளவில் கனவு, கற்பனையின் பக்கம் நிற்காமல் காட்சியின் பக்கம் நிற்கிறது.

பிறகு 2021. அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய 4 நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, உறங்குபவரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெற முயன்றன. எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் என்ன என்பது போன்ற கேள்விகள். கண்ணசைவால் அல்லது முகத்தசை அசைவால் பதில்கள். 36 பேர், 158 முயற்சிகள். சரியான பதில் 18.4 விழுக்காடு, தவறான பதில் 3.2 விழுக்காடு. ஐந்தில் மூன்று பங்கு முயற்சிகளில் பதிலே இல்லை, எஞ்சியவை தெளிவற்றவை. இந்த எண்களை ஊதிப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. பதில் வராத முயற்சிகளே மிகுதி. ஆனால் வந்த பதில்களில் சரியானவை தவறானவற்றைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. பொருளற்றது என்று தீர்ப்பளிக்கப்பட்ட உரையாடல் ஒன்று கழித்தல் கணக்குக்கு விடை சொல்கிறது.

என்னை மிகவும் உறுத்துவது, அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் மொழியியலாளர்கள் என்பது. நம் துறை எதன்மேல் நிற்கிறது? தாய்மொழியாளர் ஒருவர் ஒரு வாக்கியத்தைக் கேட்டு ‘இப்படிச் சொல்லமாட்டோம்’ என்கிறார். நாம் அதன் தலையில் ஒரு உடுக்குறியை இட்டு, அதன்மேல் ஒரு கோட்பாட்டையே எழுப்புகிறோம். அவர் மண்டையில் மின்முனை பொருத்தி நாம் சரிபார்த்ததில்லை. என் ஆய்வேட்டின் எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி ஒரு கைவிரலுக்குள் அடங்கும் தகவலாளர்களின் தீர்ப்பு. எந்தக் கருத்தரங்கிலும் அதற்காக என்னை யாரும் நகைத்ததில்லை. கனவு கண்டவரோ தம் அனுபவத்தைச் சொன்னார், நம்பவில்லை. ஆய்வகத்தில் உறங்கிக் கண்ணால் குறி காட்டினார், நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினார், அப்போதும் சிரிக்கிறோம். அகநோக்குச் சான்றை வைத்துப் பிழைக்கும் ஒரு துறை, இன்னொருவரின் அகநோக்குச் சான்றை இப்படி நடத்துவது அழகில்லை.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு சொல். ‘இதெல்லாம் மாண்டூக்கியத்திலேயே இருக்கிறது’ என்று அதே அரங்கில் ஒருவர் எழுந்தார். மாண்டூக்கிய உபநிடதம் சொல்வது விழிப்பு, கனவு, ஆழ்உறக்கம், இவற்றோடு எண்ணப்படும் துரியம். துரியம், கனவுக்குள் வரும் தெளிவு அன்று. கனவும் நனவும் ஆகிய இரண்டையும் கடந்ததாக அது சொல்லப்படுகிறது. சைவ சித்தாந்தம் விரிக்கும் ஐந்து அவத்தைகளும் வேறு நோக்கத்துக்கானவை. நெருங்கிய உறவைத் தேடுவோர் திபெத்தியரின் கனவு யோகத்துக்குப் போகவேண்டும். அங்கே கனவைக் கனவென அறிவது பயிற்சியின் ஒரு படியாகவே கற்பிக்கப்படுகிறது. 1992இல் தர்மசாலாவில் தலாய் லாமாவும் அறிவியலாளர்களும் உறக்கம், கனவு, இறப்பு பற்றிக் கூடிப் பேசியபோது தெளிகனவு ஆய்வும் மேசைக்கு வந்தது. அந்த உரையாடல் நூலாகவும் கிடைக்கிறது. மரபை மதிப்பது என்றால் அது என்ன சொன்னது என்று வாசிப்பது. ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவது அந்த மாணவியின் கேள்வியை மூடும் இன்னொரு கதவு.

மூன்றாவது கூட்டம்தான் இப்போது விடுதி வாட்ஸாப் குழுக்களில் உலவுகிறது. உறக்கத்திலும் படிக்கலாம், நாலு மணிநேரம் போதும், மீதியைத் தெளிகனவில் ஈடுகட்டலாம் என்று பயிற்சி விற்பவர்கள். அதோடு மறதிநோய்க்கான மாத்திரையின் பெயரும் சுற்றுக்கு வருகிறது. அந்த மருந்து தெளிகனவைக் கூட்டுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது உண்மை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விடுதி அறையில் விழுங்கச் சொல்லி அந்த ஆய்வு சொல்லவில்லை. நாலு மணிநேரக் கணக்கோ தன்னைத் தானே தோற்கடிப்பது. ரெம் உறக்கம் இரவின் பின்பகுதியில்தான் நீள்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் ஆய்வு மாணவர் வெட்டி எறிவது, எந்தப் பகுதியில் தெளிகனவு வருமோ அதே பகுதியை. வழிகாட்டிக்கு அஞ்சி ஏற்கெனவே பாதி இரவை இழந்தவர்களிடம் மீதிப் பாதியையும் வேலைநேரமாக்கச் சொல்வது கொடுமை.

கற்க விரும்புபவர்களுக்கு ஆய்வு சொல்வது எளிமையானது. விழித்தவுடன் கனவை எழுதிவையுங்கள். நினைவில் நிற்காத கனவில் தெளிந்தும் பயனில்லை. ஐந்து மணிநேரம் உறங்கிச் சிறிது விழித்து, மீண்டும் உறங்கப் போகையில் ‘அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்பதை நினைவுகூர்வேன்’ என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொள்ளுங்கள். லபெர்ஜ் வகுத்த முறை இது. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் ‘இது கனவா’ என்று சோதித்துக்கொள்வது தனியாகப் பயன்தரவில்லை. அதனோடு இடைவிழிப்பும் இந்த வாக்கியமும் சேர்ந்தபோது, ஒரு வாரத்தில் ஏறத்தாழ 17 விழுக்காடு வெற்றி. சொல்லி முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது 46 விழுக்காட்டை நெருங்கியது. தினமும் செய்யாதீர்கள், மறுநாள் நீண்டு உறங்க முடிகிற இரவுகளில் மட்டும். நனவு, கனவு என்ற பிரிவு ஏற்கெனவே குலைந்து துன்புறுபவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

அப்படித் தெளிபவர் கனவுக்குள் சொல்வது, மால்கம் அஞ்சிய ‘நான் உறங்குகிறேன்’ என்பதை அன்று. ‘இது கனவு’ என்றுதான். வினை இல்லை, காலம் இல்லை, தன்மை இடமும் இல்லை. தமிழில் இரண்டே சொற்கள். இந்தப் பெயர்ப்பயனிலை வாக்கியம் கனவுக் கூற்றுகளில் எப்படி வருகிறது, விழித்தபின் சொல்லும்போது ‘கனவு என்று தெரிந்தது’ என எப்படி மாறுகிறது என்பதைத்தான் அந்த மாணவி ஆராய விரும்பினார். நல்ல தலைப்பு. அவர் இதை வாசித்தால், 2018, 2021 கட்டுரைகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன; உள்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன். சிரித்தவர்கள் கேட்டாலும் அனுப்புவேன்.