வளையத்துக்குள் வழுக்கும் பட்டு

மிஷின் எம்பிராய்டரி கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுக்கும் சகோதரிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாப்ளின் துணியென்றால் அவர்களுக்குப் பயமில்லை. கெட்டுப் போனால் கடைக்குப் போய் இன்னொரு துண்டு வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் பட்டுச் சேலையோடு சேர்ந்தே வருகிறதே 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி, அதற்கு மாற்றுக்கு எங்கே போவது? அதே சாயம், அதே கரை, அதே தறி வேண்டுமே! வெள்ளிக்கிழமை கல்யாணம், புதன்கிழமை ராத்திரி துணி வளையத்துக்குள் வழுக்கி, மயிலின் கழுத்து ஒரு பக்கமும் கொண்டை இன்னொரு பக்கமும் போய்விட்டால், கூலி போவது கிடக்கட்டும், பேரல்லவா போய்விடும்?

"துணி வழுக்குகிறதா? திருகை இன்னும் கொஞ்சம் முறுக்கு." எல்லோரும் சொல்லும் வைத்தியம் இதுதான். குறடு போட்டு முறுக்குகிறவர்கள்கூட உண்டு. மரை தேய்வதுதான் மிச்சம். திருகு இருப்பது ஓர் இடத்தில். துணியைப் பிடிக்க வேண்டியதோ சுற்றிலும். வழுவழுப்பான மரம், அதைவிட வழுவழுப்பான பட்டு. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே, திருகின் பலம் வேலை செய்யும்? மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? தோலைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தட்டுவார். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தால் சுருதி சேர்ந்த மாதிரிதான்!

துணி ஏன் நகர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு தையல் இறுகும்போதும் நூல் துணியை மயிரிழை அளவு உள்ளே இழுக்கிறது. மயிரிழைதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டர் மிஷின் நிமிஷத்துக்கு 600, 800 தையல் போடுகிறது. ஒரு பூ முடிவதற்குள் ஆயிரக்கணக்கான மயிரிழைகள் சேர்ந்துவிடுகின்றன. துணி தொய்ந்துவிட்டாலோ இன்னொரு தொந்தரவு. ஊசி மேலே எழும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும். ஊசிக்குப் பின்னால் நூல் கண்ணி சரியாக விழாது. கண்ணி இல்லையென்றால் அடியில் சுற்றும் கொக்கி எதைப் பிடிக்கும்? தையல் விட்டுப் போகிறது, நூல் அறுகிறது, ஊசி ஒடிகிறது. நாமோ மிஷினில் கோளாறு என்று மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறோம்!

கால் மிஷினில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். மர வளையம் இரண்டில் உள் வளையத்துக்கு நாடா சுற்றுங்கள். அரை அங்குல அகலமுள்ள வெள்ளைப் பருத்தி நாடா போதும். சாய்வாக, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறும்படி, இறுக்கிச் சுற்றி வாருங்கள். 8 அங்குல வளையத்துக்கு மூன்று மீட்டர் போலப் பிடிக்கும். முனையை வளையத்தின் உட்புறமாக மடித்து ஊசியால் நாலு தையல் போட்டுவிட வேண்டும். வெளிப்புறத்தில் முடிச்சுப் போட்டால் அந்த ஓர் இடம் மட்டும் மேடாகி, அதன் இரு பக்கமும் துணி தளர்ந்துவிடும். கலர் நாடா வேண்டவே வேண்டாம். மழைக் காலத்து ஈரத்தில் சாயம் பட்டில் இறங்கினால் யார் பதில் சொல்வது? பட்டு இந்த நாடாவைப் பற்றிக்கொள்கிற மாதிரி வெறும் மரத்தை ஒரு நாளும் பற்றாது.

இனி துணியை மாட்டுவது. கை எம்பிராய்டரி செய்து பழகியவர்களின் கை தானாகவே உள் வளையத்தைக் கீழே வைக்கும். மிஷினுக்கு அது தலைகீழ். வெளி வளையத்தை மேஜை மேல் வையுங்கள். அதன் மேல் துணி, நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும்படி. அப்புறம் உள் வளையத்தை மேலிருந்து அழுத்துங்கள். துணி இப்போது வளையத்தின் அடியில் இருக்கும். மிஷின் பலகையோடு படிந்து ஓடும். திருகை முன்னாலேயே அளவாக வைத்துவிடுவது முக்கியம். கொஞ்சம் பலமாக அழுத்தினால்தான் உள் வளையம் இறங்க வேண்டும். தளர்த்தி வைத்துக்கொண்டு மாட்டிவிட்டு, பிறகு முறுக்கிச் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தாம் குறட்டைத் தேடுகிறவர்கள்.

வளையம் பாதி இறங்கியதும் துணியைப் பாவு இழை போகும் திசையில் எதிரெதிராக இழுங்கள். அடுத்தபடி ஊடு இழையின் திசையில். மூலைக்கு மூலை, தையற்காரர்கள் 'கிராஸ்' என்கிறார்களே, அந்தத் திசையில் மட்டும் இழுக்கவே கூடாது. பட்டு கிராஸில் ரப்பர் போல நீளும். நீண்ட துணியின் மேல் நீங்கள் போட்ட வட்டம், வளையத்தைக் கழற்றியதும் முட்டையாகிவிடும். உள் வளையத்தை முழுக்க அழுத்தி, அது வெளி வளையத்துக்கு அடியில் நூலளவு எட்டிப் பார்க்கும்படி செய்து, கடைசியாகத் திருப்புளியால் அரைச் சுற்று கொடுங்கள். அதற்குமேல் துணியில் கை வைக்கக் கூடாது. இறுகிய பிறகு இழுத்த துணி, கழற்றியதும் பழைய நிலைக்கு ஓடிப் போகும். பூ அங்கேயே நிற்கும். சுற்றிலும் அப்பளம் பொரிந்த மாதிரி சுருக்கம்!

பட்டில் வளையத் தடம் விழுமே என்று கவலையா? பழைய மல் வேஷ்டியில் ஒரு துண்டு கிழித்துப் பட்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள். பூ வரும் இடத்தில் மட்டும் மல் துணியை ஜன்னல் போலக் கத்தரித்து எடுத்துவிடலாம். கத்தரிக்கோல் நுனி பட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடமும் விழாது, பிடிப்பும் கூடும். அடியில் எம்பிராய்டரிக்கென்று விற்கும் தாளோ மெல்லிய பக்ரமோ வைத்துப் பட்டோடு ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒன்றாக நிற்கும். பத்திரிகைத் தாளை வைப்பவர்கள் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு அதில் சந்தோஷமே; ஆனாலும் அச்சு மை வெள்ளை நூலில் ஏறிவிடும், வேண்டாம்.

கம்ப்யூட்டர் மிஷினின் பிளாஸ்டிக் சட்டம் நீள்சதுரம். மூலைகளில் நன்றாகப் பிடிக்கும். நீளப் பக்கத்தின் நடுவில் கோட்டைவிடும். துணி வழுக்குவது அநேகமாக அங்கேதான். அலமாரித் தட்டில் விரிக்கிறார்களே ரப்பர் வலை விரிப்பு, அதில் மெல்லிய பட்டையாக வெட்டி அந்த நடு இடங்களில் துணிக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்தால் அசையாது. டிசைனைச் சுற்றி நீளத் தையலாக ஒரு கட்டம் போடும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது. துணியையும் அடித்தாளையும் அது ஒன்றாகப் பிடித்து வைக்கும். முடிந்ததும் பிரித்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட வேண்டாம்.

கையை வெட்டிய பிறகு, "இதில் ஒரு கொடி போட்டுக் கொடுங்கள்" என்று துணியைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள்தாம் பெரிய சோதனை. துணி வளையத்தின் ஒரு பக்கத்தை எட்டாமலே நின்றால் எந்த நாடாவும் காப்பாற்றாது. முழுத் துணியில் அளவை வரைந்துகொண்டு, முதலில் பூவேலை, பிறகுதான் கத்தரி. வெட்டியே ஆகிவிட்டது என்றால், ஓரத்தில் அதே கனமுள்ள வேறு துணியை இணைத்துத் தைத்து, வளையத்தின் நாலு பக்கமும் எட்டும்படி செய்துகொள்ளுங்கள். இதற்குத் தனிக் கூலி கேட்கத் தயங்காதீர்கள்.

துணி நகர்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் உபாயம்: வளையத்துக்கு வெளியே, பிறகு வெட்டிப் போகிற இடமாகப் பார்த்து, வளையத்தின் ஓரத்தை ஒட்டினாற்போல் சாக்குக் கட்டியால் நாலு பக்கமும் கோடு போடுங்கள். ஐந்து நிமிஷம் தைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கோடு வளையத்துக்குள் போய் மறைந்திருந்தால், வழுக்குவது அந்தப் பக்கம்தான். உடனே நிறுத்துங்கள். ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்துச் சமாளிக்கப் பார்க்காமல், வளையத்தை முழுக்கக் கழற்றி, பின்புறமாக இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டுங்கள். கால் மிஷினில் இப்படிச் செய்து தப்பிக்கலாம். கம்ப்யூட்டர் மிஷினில் மறுபடி மாட்டும்போது பழைய இடத்தில் நூல் பிசகாமல் பொருத்துவது லேசான காரியமில்லை. ஆகையால் அதில் தொடங்கிய பூவை முடிக்காமல் அடுப்பைப் பார்க்க எழுந்து போகாதீர்கள். கால் மிஷின்காரர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ராத்திரி முழுவதும் பட்டை வளையத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டாம்.