கார் மீட்டர் திரை மங்கினால் முழு போர்டையும் மாற்ற வேண்டுமா? சின்ன பாகம் கிடைக்காததன் பின்னணி

திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் நோக்கி ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது எட்டு. இன்ஜினில் குறை இல்லை, ஏசியும் ஜில்லென்று இருக்கிறது. ஆனால் மீட்டரில் பாதித் திரை இருட்டு. கிலோமீட்டர் எண்ணில் இரண்டு இலக்கத்தைக் காணோம். எரிபொருள் முள் ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் படுத்துக்கொள்கிறது.

சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் வரும் பதில் இது: "மீட்டரையே மாத்தணும் சார், உள்ள இருக்கிற பார்ட் தனியா வராது." ஊரில் வயரிங் வேலை பார்ப்பவரிடம் போனால், "கழட்டிப் பார்த்துரலாம் அண்ணாச்சி, ஆனா போன சாமான் கிடைக்கணுமே?"

முதல் பதிலுக்கு மாடலைப் பொறுத்து பல ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டாவது பதிலில் உள்ள 'சாமான்' பல நேரம் சில பத்து ரூபாய்தான். இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

உள்ளே எது கெடுகிறது?

மீட்டர் என்பது இப்போது ஒரு குட்டிக் கணினி. மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஓடிய தூரத்தை நினைவில் வைக்கும் எட்டு கால் மெமரி ஐசி, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர், முட்களைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார்கள், பின்னொளி எல்இடிகள், எல்சிடி கண்ணாடி ஆகியவை இதில் இருக்கும்.

இவற்றில் மூளை போவது அபூர்வம். முதலில் போவது மின்சாரப் பகுதியில் உள்ள கண்டென்சர், விரிசல் விட்ட சால்டர், தேய்ந்த ஸ்டெப்பர் மோட்டார், மங்கிய எல்இடி, திரையையும் போர்டையும் இணைக்கும் ரிப்பன். 'இலக்கம் காணோம்' என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த ரிப்பன் இணைப்புதான். திரை நன்றாகவே இருக்கும், தகவல்தான் அதற்குப் போய்ச் சேராது.

காரணம் வெயில். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியில் நிறுத்திய காரில் டேஷ்போர்டுதான் அதிகம் கொதிக்கும் இடம். அதனால்தான் வாகன ஐசிகளுக்கு ஏஇசி-க்யூ100 என்று தனித் தரம் உண்டு. அதன் மூன்றாம் நிலைக்கே மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்க வேண்டும், இரண்டாம் நிலைக்கு 105 டிகிரி. சாதாரண ரக ஐசிகள் பல 70 டிகிரியோடு நின்றுவிடும். எண் ஒன்றாக இருந்தாலும் கடைசி எழுத்துகள் மாறினால் பாகம் வேறு. "அதே நம்பர்தான் போட்டோம், ஆறு மாசத்துல திரும்ப போயிருச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் இந்தக் கடைசி எழுத்து இருக்கலாம்.

இது நம்மூர் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2000-களின் தொடக்கத்தில் விற்ற பிக்கப், எஸ்யூவி வாகனங்களில் மீட்டர் முட்கள் பரவலாகத் தாறுமாறாகக் காட்டின. மீட்டரைக் கழற்றி ஸ்டெப்பர் மோட்டாரை மட்டும் மாற்றிக் கொடுப்பது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. டெஸ்லா 2021 பிப்ரவரியில் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நடுத்திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி மெமரி சிப் எழுதி எழுதியே தேய்ந்துபோனதுதான் காரணம்.

எங்கே தேடுவது?

தேடல் தொடங்குவது கடையில் இல்லை, லென்ஸுக்கு அடியில். ஐசியின் முதுகில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, அதன் தகவல் தாளை இணையத்தில் எடுத்து, கால்களின் எண்ணிக்கை, வோல்ட், வெப்ப நிலை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்திலேயே தயாரிப்புத் தேதிக்கான குறியீடும் இருக்கும். அதைப் பாக எண் என்று எடுத்துக்கொண்டு நாள் கணக்கில் தேடுபவர்களும் உண்டு.

கண்டென்சர், எல்இடி, ரெகுலேட்டர் போன்ற பொதுவான பாகங்கள் கிடைப்பது கஷ்டம் இல்லை. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு ஆகியவை இதற்குப் பேர்போன சந்தைகள். ராஜபாளையத்திலிருந்து நேரில் போக வேண்டியதில்லை, கூரியரில் வந்துவிடும். 'எக்ஸ்27' வகை ஸ்டெப்பர் மோட்டார் பல கம்பெனி மீட்டர்களில் பொதுவாக இருப்பதால் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

வேலை தெரிந்த கை எங்கே? ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். நூற்பு இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டிலும் இருப்பது இதே குடும்பத்துக் கண்டென்சரும் ரெகுலேட்டரும்தான். கார் மெக்கானிக்கைவிட, மில் போர்டுகளைச் சர்வீஸ் செய்து பழகியவர் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கலாம். நெருப்பு மாதிரி சூடான சால்டரிங் இரும்பை வைத்து மெல்லிய தடத்தை உரித்துவிட்டால், அப்புறம் எந்தச் சந்தைக்குப் போயும் பலனில்லை.

எச்சரிக்கை ஒன்று. மின்குப்பையிலிருந்து பிரித்தெடுத்த ஐசியைத் தேய்த்து, புது எண் அச்சடித்து விற்பது உலகளவில் நடக்கும் மோசடி. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் சந்தேகப்படுவது நல்லது.

கிடைக்கவே கிடைக்காதவை

இரண்டு உண்டு. ஒன்று எல்சிடி கண்ணாடி. அது அந்த மாடலுக்கென்றே வடிவமைத்தது, கடையில் வராது. இன்னொன்று மைக்ரோகன்ட்ரோலர். அதே எண்ணில் புதிதாக வாங்கினாலும் உள்ளே கம்பெனியின் நிரல் இருக்காது, வெறும் கூடுதான்.

இந்த இடத்தில் பழைய மீட்டர்தான் வழி. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில், உடைத்த கார்களின் மீட்டர் கிடைக்கும். 2017-ல் விற்பனையை நிறுத்திய செவர்லே, 2021 செப்டம்பரில் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்த ஃபோர்டு ஆகியவற்றின் கார்களை வைத்திருப்பவர்கள் இதையே அதிகம் நம்ப வேண்டியிருக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பாக எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெட்ரோல் மாடலின் மீட்டரை டீசலில் மாட்டினால் ஆர்பிஎம் தொடங்கி எச்சரிக்கை விளக்கு வரை குழம்பலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் தகவலும் மீட்டருக்குள் இருக்கிறது. மீட்டரை மாற்றினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது.

அடுத்த சிக்கல் நேர்மை சம்பந்தப்பட்டது. பழைய மீட்டரோடு அந்தக் காரின் கிலோமீட்டரும் வரும். சொந்தக் காரின் மெமரி ஐசியை எடுத்து மாட்டுவது, அல்லது சரியான எண்ணை எழுதுவதுதான் முறை. இதே கருவியால்தான் ஓடிய தூரத்தைக் குறைத்து செகண்ட் ஹேண்டில் ஏமாற்றுகிறார்கள். அதனால் கழற்றும் முன் மீட்டரைப் படம் எடுத்து, பில்லில் கிலோமீட்டரை எழுதி வாங்கினால், நாளை காரை விற்கும்போது பேச்சு வராது. திரை இருண்டு எண்ணே தெரியவில்லை என்றால் கடைசி சர்வீஸ் பில் கைகொடுக்கும்.

'அப்படியே ஓட்டிக்கலாமே' என்றால் அதுவும் சரிப்படாது. வாகனத்தில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதி சொல்கிறது.

ஏன் தனியாக விற்பதில்லை?

கார் கம்பெனிக்கே மீட்டர் ஒரே பொட்டலமாகத்தான் வருகிறது. அதைத் தயாரிப்பது வேறு நிறுவனங்கள். கோவையின் பிரிக்கால் அப்படி மீட்டர் தயாரிப்பில் பெயர் பெற்ற ஒன்று. கார் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் இருப்பது முழு மீட்டருக்கான ஒரே எண். உள்ளே இருக்கும் கண்டென்சருக்கு எண்ணே கிடையாது, எனவே அதை ஆர்டர் போடவும் முடியாது. சர்க்யூட் வரைபடமும் வெளியே வருவதில்லை. பாகத்தைவிட இந்தத் தகவலுக்குத்தான் உண்மையான தட்டுப்பாடு.

சட்டம் இதைத் தொடாமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் அது மேல்முறையீடுகளில் இழுபட்டது. அந்த உத்தரவின் வழியே முழு மீட்டர் வெளிச்சந்தைக்கு வரலாம், அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஐசி வராது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஆனால் இந்தத் தளத்தால் பயன்பெறுவது சர்வீஸ் சென்டர் முகவரியும் உத்தரவாத விவரமும் தேடுபவர்தான். போர்டைக் கையில் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத் தேவையானது வேறு. 2025 மே மாதம் ஒரு குழு, பொருட்களுக்கு 'பழுதுபார்க்கும் தன்மைக் குறியீடு' தரலாம் என்று அறிக்கை கொடுத்தது. அது மொபைல், மின்னணுப் பொருட்களுக்கானது. டேஷ்போர்டில் இருப்பதும் மின்னணுப் பொருள்தான் என்றாலும், கார் அதில் இல்லை.

உத்தரவாத காலத்துக்குள் மீட்டர் போய், மாற்றித் தர மறுத்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால், விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கையில் இருக்க வேண்டியவை ஜாப் கார்டு, மதிப்பீட்டுத் தாள், "தனியா வராது" என்று சொன்னதற்கான எழுத்துபூர்வமான பதில். வாய்ப்பேச்சாகச் சொன்னால், அதையே ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.